மேற்கு ஆப்பிரிக்கக் கிராமங்களில் குழந்தைகளின் பிறப்பைப் பதிய வைக்க விழிப்புணர்வுப் பிரசாரம் போதுமா?

போதாது. கணவரின் வேலை காரணமாகச் செனகலில் தியெஸ் நகருக்குப் பக்கத்தில் நான்கு வருடம் குடியிருந்தேன், அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன். பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்பதே தெரியாத ஒரு தாயைக்கூட நான் அங்கே பார்க்கவில்லை. அவர்களுக்குத் தெரியும். ஆனால் பதிவேடு இருக்கிற இடம் வேறு, அவர்கள் அன்றாடம் போய் வருகிற இடம் வேறு.

பக்கத்து வீட்டில் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை இருந்தார். ஆறாம் வருடப் பிள்ளைகளை இறுதித் தேர்வுக்குப் பெயர் கொடுக்க வேண்டிய சமயத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் தினமும் இரண்டு மூன்று பெற்றோராவது உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் தேர்வுக்குப் பிறப்புச் சான்று கேட்பார்கள். தற்காலிகமாக எழுத விட்ட வருடங்களும் உண்டு, ஆனால் அதற்குப் பிறகு மேல்நிலைப் படிப்பு, அடையாள அட்டை என்று எங்கே போனாலும் அதே காகிதம்தான் குறுக்கே நிற்கும். ஒரு நாள் வேர்க்கடலை விற்கிற ஒரு பெண்மணி வந்தார். பாலிதீன் பையைப் பிரித்து, அதற்குள் இருந்த துணியைப் பிரித்து, லேமினேட் செய்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். பதினொரு வருடமாகப் பத்திரப்படுத்தியது. ஆசிரியை அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "யாய், இது மருத்துவச்சி கொடுத்த பிரசவச் சீட்டு" என்றார். (அங்கே அம்மாவை யாய் என்றுதான் கூப்பிடுவார்கள்.) அந்தச் சீட்டைக் காட்டித்தான் ஊராட்சி அலுவலகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும், அது பதிவு ஆகாது. முத்திரை இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, தேதி இருக்கிறது, அதுதான் சான்றிதழ் என்று அந்த அம்மா நம்பியிருந்தார். அதில் தப்பே இல்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

அந்தச் சீட்டில் ஒன்று மட்டும் இல்லை. குழந்தையின் பெயர். இந்த விஷயத்தின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். செனகலின் பெரிய இனமான வொலோஃப் குடும்பங்களில் எட்டாம் நாள்தான் பெயர் வைப்பார்கள். இமாம் வந்து குழந்தையின் காதில் பெயரைச் சொல்வார், வசதி இருந்தால் ஆடு வெட்டுவார்கள், ஊரே சாப்பிடும். ஆக, தாய் மருத்துவமனையை விட்டு வீடு திரும்பும்போது பிள்ளைக்குப் பெயர் இல்லை. பெயர் வந்த பிறகு அவர் மருத்துவமனையில் இல்லை. பதிவு செய்ய இன்னொரு பயணம் போக வேண்டும், சில ஊர்களுக்கு அது அரை நாள் வண்டிப் பயணம். சட்டப்படி தாயே போய்ப் பதியலாம். ஆனால் அது அப்பா செய்ய வேண்டிய வேலை என்பதுதான் வழக்கம், அப்பாவோ பிழைப்புக்காகத் தலைநகர் தாக்காரிலோ ஸ்பெயினிலோ இருப்பார். அவர் வரட்டும் என்று காத்திருப்பதிலேயே கெடு ஓடிவிடும்.

கெடு 45 நாள். அதைத் தாண்டினாலும் ஒரு வருடத்துக்குள் என்றால் சாட்சியோ மருத்துவச் சீட்டோ வைத்துச் சமாளிக்கலாம். ஒரு வருடம் கழிந்துவிட்டால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். யோசித்துப் பாருங்கள், கடலை விற்கிற ஒரு பெண் தன் பிள்ளை பிறந்ததை நீதிபதி முன்னால் நிரூபிக்க வேண்டும்.

இப்படி மாட்டிக்கொண்ட சில குடும்பங்கள் அண்ணன் சான்றிதழையோ, சொந்தத்தில் வேறு பிள்ளையின் சான்றிதழையோ இரவல் வாங்கிப் பள்ளியில் சேர்த்துவிடுவார்கள். வீட்டில் ஒரு பெயர், வகுப்பில் ஒரு பெயர். ஆசிரியை வருகைப் பதிவு எடுக்கும்போது தன் பெயர் அதுதான் என்று நினைவு வராமல் விழிக்கிற பிள்ளைகள் உண்டு என்று சொன்னார். அது எனக்கு ரொம்ப நாள் மனசில் கிடந்தது. இன்னொரு கொடுமை, இடைத்தரகர் மூலம் எடுத்த சான்றிதழில் உள்ள எண் பதிவேட்டில் வேறு யாருடையதாகவோ இருக்கும், அதுவும் தேர்வு வருடத்தில்தான் தெரியவரும்.

சரி, அப்போது எதுதான் வேலை செய்கிறது? தாய் ஏற்கெனவே போகிற இடத்துக்குப் பதிவேடு வர வேண்டும். செனகலில் குழந்தைக்கு ஆறாவது வாரம் தடுப்பூசி. ஆறு வாரம் என்றால் 42 நாள், கெடுவுக்கு மூன்று நாள் மிச்சம். பெயரும் வைத்தாயிற்று, தாயும் குழந்தையும் நேரில் இருக்கிறார்கள், பிரசவச் சீட்டும் தடுப்பூசி அட்டையோடு அதே பையில் இருக்கிறது. அன்றைக்கு அந்தச் சுகாதார நிலையத்தில் பதிவு எழுத ஒருவர் உட்கார்ந்திருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. லைபீரியாவில் எபோலா வருவதற்கு முன், 2013இல், 79,000 குழந்தைகளின் பிறப்பு பதிவானது. நோய் பரவிச் சுகாதார நிலையங்கள் மூடிய 2014இல் அது 48,000 ஆனது. 2015 ஜனவரி முதல் மே வரை வெறும் 700. பிள்ளைகள் பிறந்துகொண்டுதான் இருந்தார்கள், பெற்றோரின் விழிப்புணர்வும் ஒரே வருடத்தில் காணாமல் போயிருக்காது. கதவு மூடியது, அவ்வளவுதான். அதே 2015இல் சியரா லியோனில் போலியோ சொட்டு மருந்து முகாமோடு சேர்த்துப் பதிவும் செய்தார்கள், ஐந்தே நாளில் 2,50,000 குழந்தைகள் பதிவானார்கள்.

ஐவரி கோஸ்ட்டைப் பாருங்கள். யார் இந்த நாட்டுக்காரர், யார் வந்தேறி என்ற சண்டை 2002இல் உள்நாட்டுப் போராகவே வெடித்த நாடு அது. 2006இல் ஊர் ஊராகப் போய்ப் பிறப்பை உறுதி செய்த நடமாடும் நீதிமன்ற விசாரணைகளை எதிர்த்துத் தெருவில் கலவரம் நடந்தது. ஒரு பிறப்புக் காகிதத்துக்கு அங்கே அவ்வளவு கனம். அந்த நாடு இன்று பிறப்புப் பதிவில் 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. யுனிசெஃப் 2024 டிசம்பரில் வெளியிட்ட கணக்குப்படி மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் சேர்த்து ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 63 சதவீதம் பேர்தான் பதிவானவர்கள். ஐவரி கோஸ்ட்டால் முடிந்தது என்றால் மற்ற நாடுகளுக்கு முடியாது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிரசாரமே வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் சொல்கிறார்கள், எப்போது சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. செனகலில் 'பாஜெனு கோஹ்' என்று சில பெண்கள் இருக்கிறார்கள், 2009 முதல் அரசுத் திட்டமாகவே நடக்கிறது. பாஜென் என்றால் அத்தை, அப்பாவுடன் பிறந்தவள். கோஹ் என்றால் பேட்டை. பேட்டைக்கே அத்தை! பெயர் வைக்கும் சடங்கில் அங்கேயும் அத்தைக்குத்தான் முன்னிடம் என்பதால் அவர் சொன்னால் வீட்டில் எடுபடும். கர்ப்பமான நாளிலிருந்து பரிசோதனைக்குக் கூட்டிப் போகிறவர் அவர், பெயர் வைக்கிற அன்று "சீட்டு எங்கே, யார் போய்ப் பதியப் போகிறீர்கள்?" என்று அப்பாவின் தம்பியைப் பிடித்துக் கேட்கக்கூடியவரும் அவர்தான். சுவரொட்டி இதைக் கேட்காது. எந்த ஊரில் நீங்கள் வேலை செய்யப் போனாலும் முதலில் இப்படி ஓர் அத்தையைத் தேடுங்கள். ஊர்த்தலைவரையும் பாருங்கள், அவர் தன் நோட்டில் எழுதி வைத்து மொத்தமாகப் போய்ப் பதிய வழி இருக்கிறது.

அந்தக் கடலைக்கார அம்மாவின் மகளுக்கு, பக்கத்துக் கிராமத்துக்கு நடமாடும் நீதிமன்றம் வந்தபோது உத்தரவு கிடைத்தது. பள்ளி வகுப்பறையில்தான் விசாரணை. நானும் ஆசிரியையுடன் போயிருந்தேன். இரண்டு சாட்சிகளோடு வெயிலில் வரிசையில் நின்றார், லேமினேட் செய்த அந்தச் சீட்டும் கையில் இருந்தது. இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அவனுக்கும் இன்றைக்கே சேர்த்து எழுதிவிடலாமா என்று எழுத்தர் கேட்டதற்கு, வேண்டாம், ஆறாவது வார ஊசி போட்ட அன்றே அவன் பெயரை எழுதியாயிற்று என்றார்.