பி0420 என்றதும் கன்வேட்டரைக் கழற்றிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: என் டொயோட்டா அலியனில் இஞ்சின் லைட் எரிகிறது. கராச்சில் ஸ்கேன் பண்ணி பி0420 என்ற பழுதுக் கோட் வந்திருக்கிறது என்றார்கள். புகையைச் சுத்தமாக்கும் கெட்டலிட்டிக் கன்வேட்டர் முடிந்துவிட்டதாம். பழையதைக் கொடுத்தால் புதியதன் விலையில் கழிப்பார்களாம். கோட்டை அழித்துப் பார்த்தேன், நான்காம் நாள் திரும்ப வந்துவிட்டது. மாற்றத்தான் வேண்டுமா? (வாசகர், நிலாவெளி)

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். பழையதை யார் கையிலும் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கன்வேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஒக்சிஜன் சென்சருக்குப் புகை சுத்தமாகத் தெரியவில்லை என்பதுதான் இந்தக் கோட். காரணத்தை அது சொல்வதில்லை. உங்கள் பக்கம் கடற்காற்று. சைலன்சர் பைப் இணைப்புகளை உப்பு தின்றுவிடும். பின் சென்சருக்கு முன்னால் சின்ன ஓட்டை விழுந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு இதே கோட் வரும். அதற்குக் கேஸ்கெட்டும் இரண்டு போல்ட்டும் போதும்.

கன்வேட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசியிருக்கிறது. பழையதைக் கேட்டு வாங்குவது அதற்காகத்தான். உள்ளே இருப்பதைத் தட்டிக் கொட்டிவிட்டு வெறும் கூட்டை மாட்டி, பின் சென்சருக்குக் கீழே ஒரு உலோகத் துண்டு வைத்து லைட்டை அணைத்துத் தருகிறவர்களும் உண்டு. வெளியே இருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. வருடா வருடம் காசு கட்டிப் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். குழாய் நுனியில் அளப்பதோடு சரி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 ஊசிச் சொக்கெட்டில் ஸ்கேன் கருவியைச் செருகிப் பார்க்க இத்தனை காலமாகியும் ஏற்பாடில்லை. வாகனச் சொந்தக்காரர்தான் விழிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது.

போனோடு இணையும் மலிவான புளூடூத் ஸ்கேனர் இந்த வேலைக்குப் போதும். இனிக் கோட்டை அழிக்குமுன் ஃப்ரீஸ் ஃப்ரேமைப் படமெடுத்து வையுங்கள். கோட் விழுந்தபோது இருந்த வேகம், சூடு, ஆர்பிஎம் (இஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எல்லாம் அதில் இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும்.

காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, ஒருவர் ஈரத்துணியால் குழாய் நுனியைச் சில வினாடி அடைக்கட்டும். மற்றவர் இணைப்புகளின் பக்கம் காது கொடுக்க வேண்டும். ‘புஸ்’ சத்தமோ கரிப்படிவோ இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

ஓட்டை இல்லையென்றால் இருபது நிமிடம் ஓடிவிட்டு வந்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்து, பின் சென்சரின் வோல்ட்டைப் பாருங்கள். 0.6, 0.7 அளவில் அசையாமல் நின்றால் கன்வேட்டர் நன்றாக இருக்கிறது. 0.1க்கும் 0.9க்கும் இடையில் விடாமல் துள்ளினால்தான் மாற்றும் பேச்சு. ஃபியூவல் ட்ரிம் (கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) குறுங்காலம், நீண்டகாலம் இரண்டும் கூட்டி பத்து சதவீதத்தைத் தாண்டினால் கோளாறு வேறு இடத்தில். அதை முதலில் தேட வேண்டும்.

கோட்டை அழித்து லைட் அணைந்ததால் பழுது தீர்ந்ததென்று நினைக்காதீர்கள். கணினி மறுபடி சோதிக்க ஓட்டம் வேண்டும். கந்தளாய் வரை சீராக ஓடித் திரும்பி, ஸ்கேனரில் கெட்டலிஸ்ட் மொனிட்டர் (கணினி கன்வேட்டரைச் சோதிப்பது) முடிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவும் லைட் நிலையாக எரிந்தால்தான். சிமிட்டினால் உடனே ஓரமாக நிறுத்துங்கள். வீடு பக்கத்தில்தான் என்றாலும், ஏசியை அணைத்தாலும், மெதுவாகப் போனாலும் பலனில்லை. ஏதோ ஒரு சிலிண்டரில் எரியாத பெட்ரோல் கன்வேட்டருக்குள் போய் எரிகிறது. உள்ளிருக்கும் தேன்கூடு போன்ற பகுதியை அது உருக்கிவிடும். அப்போது பெரும்பாலும் பி0301 முதல் பி0304 வரை ஒரு கோட் இருக்கும்; கடைசி இலக்கம்தான் சிலிண்டர் எண். அந்தச் சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோட்டும் கூடவே நகர்ந்தால் கொயில். நகராவிட்டால் பிளக்கையும் அடுத்து இன்ஜெக்டரையும் பாருங்கள்.