'இதெம்' எப்படி 'இஷாவோ' ஆனது?

கேள்வி: செர்போ-குரோவேசிய மொழியில் 'போகிறேன்' என்றால் 'இதெம்'. 'போனேன்' என்றால் 'இஷாவோ சம்'. அகராதியில் தேடினால் 'இச்சி' என்றிருக்கிறது. மூன்றும் ஒரே வினைதானா? 'செல்' என்னும் பொருளுள்ள 'இ' என்ற சமஸ்கிருதத் தாதுவிலிருந்துதான் (வினைவேரிலிருந்துதான்) இது பிறந்தது என்று நண்பர் அடித்துச் சொல்கிறாரே?

பதில்: உங்கள் நண்பர் பாதி வழி சரியாக வந்து, அங்கே தடம் மாறிவிட்டார். சமஸ்கிருத 'ஏதி', லத்தீன் 'ஈரே', லித்துவேனிய 'எய்தி', ஸ்லாவிய (செர்போ-குரோவேசியம், ரஷ்யம், போலிஷ் முதலியவற்றின் குடும்பம்) 'இதி' எல்லாம் ஓர் இந்தோ-ஐரோப்பிய வேரின் பிள்ளைகள். நாம் சொல்லும் உத்தராயணத்தின் 'அயனம்'கூட அந்த வேர்தான். ஆனால் சமஸ்கிருதம் இங்கே தாயல்ல, ஒன்றுவிட்ட அக்காள்.

'இஷாவோ' வேறு குடும்பம். பழைய ஸ்லாவியத்தில் 'போ' வினைக்கு இறந்தகால எச்சம் இல்லாமல், 'நடை' என்னும் பொருளுள்ள 'ஹோத்' வேரின் இன்னொரு வடிவத்தைக் கடன் வாங்கினார்கள். ரஷ்ய மொழியிலும் போலிஷிலும் இதே ஒட்டுதான். சொல்லின் கடைசியில் நின்ற 'ல்' பிறகு 'ஓ' ஆயிற்று. பெல்கிரேடை அவர்கள் 'பெயோகிராத்' என்பதும் இதே மாற்றத்தால்தான். பெண்பாலில் 'ல்' கடைசியில் இல்லாததால் பிழைத்துக்கொண்டது: ஆண் 'இஷாவோ சம்' என்பான், பெண் 'இஷ்லா சம்' என்பாள். நிகழ்காலத்தைப் பார்த்து 'இதாவோ' என்று நீங்களாக ஒன்றைச் செய்துகொள்ளாதீர்கள். அப்படி ஒரு சொல்லே கிடையாது.

'இச்சி'யில் 'ச்' வந்த கதை சுவையானது. பழைய வடிவம் 'இதி'தான். அதன் முன் 'தொ' என்ற முன்னொட்டு சேர்ந்து 'தொய்தி' ஆகி, 'ய்'யும் 'த்'தும் உருகி 'தொச்சி' (வந்து சேர்) பிறந்தது. இப்படிப் பிறந்த சொற்களைப் பார்த்துத்தான் தனிவினையும் 'இச்சி' என்று மாறிக்கொண்டது. நிகழ்காலத்தில் 'ய்'யோடு சேர்ந்தது ஆங்கில t போன்ற வல்லோசை 'த்' அல்ல, d போன்ற மெல்லோசை 'த்' என்பதால் 'ஜ' கிடைத்தது: தொஜெம், 'கண்டுபிடி'க்கு நாஜெம், 'நுழை'க்கு ஊஜெம். முன்னொட்டில்லாத 'இதெம்' உருகாமல் நின்றுவிட்டது. இந்த ஒரு விதி பிடிபட்டால் ஒரு டஜன் வினைகளை மனப்பாடம் செய்யும் வேலை மிச்சம்.

எதிர்காலத்துக்கு 'இச்சி சு'. மற்ற வினைகளில் செர்பியர்கள் வினையையும் இந்தச் 'சு'வையும் ஒட்டி எழுதுவார்கள். குரோவேசியர்கள் கடைசி 'இ'யை விட்டுவிட்டுப் பிரித்து எழுதுவார்கள். 'ச்சி'யில் முடியும் வினைகளில் மட்டும் இருவரும் ஒரே மாதிரி: பிரித்தே எழுத வேண்டும், 'இ'யையும் விடக்கூடாது.

அதிகம் பேர் சறுக்குவது 'ஒதெம்' என்பதில். 'கிளம்பிப் போ' என்னும் இந்த வினை முடிந்துவிடும் செயலைக் குறிப்பது. ஆகவே, கதவருகே நின்றுகொண்டு 'இதோ கிளம்புகிறேன்' என்பதற்கு அது பொருந்தாது. 'ஒத்லசிம்' அல்லது வெறும் 'இதெம்' போதும். 'நான் போக வேண்டும்', 'நான் போனால்' போன்ற தொடர்களின் உள்ளேதான் 'ஒதெம்' வரும்.

ஏவலுக்கு 'இதி' (இங்கே 'த' மெல்லோசை), பன்மைக்கும் மரியாதைக்கும் 'இதித்தெ'. தெருவில் அதைவிட அதிகம் கேட்பது 'ஹய்தெ'. அது துருக்கியிலிருந்து வந்த வியப்புச்சொல், வினையே அல்ல. ஆனாலும் மக்கள் அதற்கு வினை விகுதி மாட்டி, 'போகலாம் வாருங்கள்' என்பதற்கு 'ஹய்தெமோ' என்கிறார்கள். இலக்கணக்காரர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நிகழ்கால வரிசை: இதெம், இதெஷ், இதெ, இதெமோ, இதெத்தெ, இது. ஆமாம், 'அவர்கள் போகிறார்கள்' என்பதற்கு 'இது'தான், நம் 'இது' போலவே ஒலிக்கும். வெறும் தற்செயல். நண்பர் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.