வகுப்பறையில் ஒயின், பக்கத்தில் படிக்கம்

போன இதழில், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் சமையல் படித்த நாட்களைப் பற்றிப் போகிறபோக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். சுற்றுவட்டாரத்து ஒயின் தயாரிப்பாளர்கள் வகுப்புக்கு வந்து பேசுவார்கள், சுவைத்துப் பார்க்கக் கொடுப்பார்கள் என்று. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த நான்கு வரியைப் பிடித்துக்கொண்டவைதான். சரி, இந்த முறை முழுக்க அதுவே இருக்கட்டும். (வத்தக்குழம்பு ஏன் நீர்த்துப்போகிறது என்று கேட்ட மூவரும் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளவும்.)

என் மகனுக்கு 20 வயது. அடிலெய்டில் சமையல் டிப்ளமோ படிக்கிறான். போன வாரம் போனில், "இன்னைக்கு கிளாஸ்ல எட்டு ஒயின்மா" என்கிறான், ஏதோ எட்டு இட்லி சாப்பிட்ட மாதிரி. நிலத்தை அடமானம் வைத்து அனுப்பியிருக்கிறோம் தம்பி. இது படிப்பா, குடியா?
– ஒரு தாய், சங்கரன்கோவில்

படிப்புதான் அம்மா, பயப்படாதீர்கள். அங்கே 18 வயதானாலே சட்டம் அனுமதிக்கிறது. இங்கே தமிழ்நாட்டில் 21, அதனால்தான் கேட்டதும் பகீரென்கிறது. எட்டு ஒயின் என்றால் எட்டு கிளாஸ் நிறைய என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வகுப்பில் ஒவ்வொன்றிலும் 25 மில்லிதான் ஊற்றுவார்கள், இருமல் மருந்து மூடியில் இரண்டு மூன்று மூடி வரும். கிளாஸுக்கு அடியில் நிறம் பார்க்க வெள்ளைத்தாள், பக்கத்தில் தண்ணீர், உப்பில்லாத பிஸ்கட், அப்புறம் ஒரு படிக்கம். ஆமாம், நம் தாத்தா வெற்றிலை போட்டுத் துப்புகிற படிக்கம்தான், அங்கே அது பிளாஸ்டிக் வாளி. வாயில் வாங்கி, கொப்பளிக்கிற மாதிரி நாலு பக்கமும் சுழற்றி, துப்பிவிட வேண்டும். கொண்டுவருகிற ஒயின்காரரும் துப்புவார், ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது மாதிரிகளைச் சுவைக்கிற ஆள் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தால் தொழில் நடக்குமா?

நான் முதல் நாள் துப்பவில்லை. இத்தனை பேர் முன்னால் எப்படித் துப்புவது என்று கூச்சம். எட்டையும் விழுங்கினேன். 200 மில்லி, அதில் பாதிக்கு மேல் 14 சதவீத ஆல்கஹால் உள்ள ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின். மதியம் அடுப்பு வகுப்பில் வெண்ணெயில் மாவு வறுக்கிறேன் பேர்வழி என்று கருக்கி, கருகியது கூடத் தெரியாமல் அதிலேயே பாலை ஊற்றிக் கிண்டிக்கொண்டிருந்தேன். ஆசிரியர் ஒரு வார்த்தை பேசவில்லை, பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் வைத்துவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து வகுப்பிலேயே சுத்தமாகத் துப்புகிற ஆள் நான்தான்.

அது சரி, சமையல்காரனுக்கு எதற்கு இதெல்லாம் என்றால், வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். தேயிலையை நன்றாகக் கொதிக்கவிட்டு, பாலும் சர்க்கரையும் இல்லாமல் ஒரு வாய் குடியுங்கள். ஈறும் கன்னமும் உள்ளே இழுத்துப் பிடிக்கிறதா? அதுதான் டானின், நம்முடைய துவர்ப்பு. இப்போது அதே தம்ளரில் கொஞ்சம் பால் விட்டுக் குடியுங்கள். பிடித்த பிடி விட்டுவிடும், பாலிலுள்ள புரதம் டானினைக் கட்டிப்போட்டுவிட்டது. சிவப்பு ஒயினுக்குப் பக்கத்தில் ஆட்டுக்கறியை வைப்பதும் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான். எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் அடிலெய்டுக்குப் பக்கத்தில் திராட்சைக்குப் பேர்போன பரோசாவின் ஒயின்காரர் ஒருவர், அவரும் முதலில் தேநீரைத்தான் ஊற்றினார். பிறகு எலுமிச்சைத் துண்டை உப்பில் தொட்டு நக்கச் சொல்லி, சற்று முன் பல் கூசிய அதே வெள்ளை ஒயினை மறுபடி கொடுத்தார், புளிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. தட்டில் உப்பும் புளிப்பும் ஏறினால் கிளாஸில் இருப்பது சாதுவாகிவிடுகிறது, தட்டில் இனிப்பு ஏறினால் அதுவே முரண்டு பிடிக்கிறது. உங்கள் பையன் நாளை ஒரு தட்டைத் தயார் செய்யும்போது, பக்கத்தில் இருப்பவர் என்ன குடித்துக்கொண்டு அதைச் சாப்பிடுவார் என்று யோசிக்க வேண்டியிருக்கும். அதற்குத்தான் இந்த எட்டு.

ஒன்று மட்டும் அவனிடம் கேளுங்கள்: "துப்புறியாடா?"

நான் மார்க்கத்தைப் பேணுகிறவன். அடுத்த மாதம் சேருகிறேன். ஒயின் வகுப்பில் சுவைக்காமல் தேற முடியுமா அண்ணா?
– ஒரு மாணவர், காயல்பட்டினம்

முதல் நாளே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள் தம்பி, அன்றைய தினம் கிளாஸை முன்னால் வைத்துக்கொண்டு நெளிய வேண்டாம். என்னோடு படித்த ஒருவர் நாக்கில் ஒரு சொட்டுப் படவிடவில்லை, கிளாஸைச் சுழற்றி மூக்கால் மட்டுமே பார்த்தார். குறிப்பெழுதுவதில் எங்கள் எல்லாரையும் விட அவரே கெட்டி, ஏனென்றால் சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மணம்தான், சளி பிடித்தவருக்குப் பிரியாணியும் சப்பென்று இருப்பதில்லையா? முகர்வதும் ஆகுமா என்பதை உங்கள் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அதில் நான் தலையிடக் கூடாது.

சுவைக் குறிப்பு எழுதச் சொன்னால் கை ஓடவில்லை அக்கா/அண்ணா (யாரென்று தெரியவில்லை, மன்னிக்கவும்). பிளாக்கரன்ட், கூஸ்பெர்ரி, லிச்சி என்று மற்றவர்கள் எழுதித் தள்ளுகிறார்கள். நான் இதில் பாதியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.
– ஒரு மாணவி, மெல்பர்ன்

அண்ணன்தான் தங்கச்சி. இந்தக் கடிதத்தைப் படித்ததும் என் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன்.

சோவின்யோன் பிளாங்க் என்று ஒரு வெள்ளை ஒயின். "கூஸ்பெர்ரி வருகிறதா?" என்றார் ஆசிரியர். அகராதியைப் பார்த்தால் நெல்லிக்காய். நானும் அரை மணி நேரம் அதில் நெல்லிக்காயைத் தேடினேன், கடித்ததும் துவர்த்து, தண்ணீர் குடித்தால் இனிக்குமே, அந்த நெல்லிக்காயை. கிடைக்கவே இல்லை. அவர்களுடைய கூஸ்பெர்ரி வேறு குடும்பம், நம் நெல்லி வேறு குடும்பம், பெயரைத் தவிர இரண்டுக்கும் சொந்தமில்லை. அகராதிக்காரர் ஒயின் குடித்திருக்க மாட்டார் போல.

அதற்குப் பிறகு நான் எனக்குத் தெரிந்ததை எழுத ஆரம்பித்தேன். ஒரு ஷிராஸுக்கு 'நன்றாகப் பழுத்த நாவல்பழம், நாக்கு ஊதா, கடைசியில் கொட்டையின் துவர்ப்பு' என்று எழுதினேன். வந்திருந்த ஒயின்காரர் என் தாளுக்குப் பக்கத்தில் நின்று, நாவல் என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் தன் சட்டைப்பையிலிருந்து துண்டுச்சீட்டை எடுத்து அந்த வார்த்தையை எழுதிக்கொண்டார். இன்னொரு நாள், அதே வட்டாரத்துக் கிளேர் பள்ளத்தாக்கிலிருந்து, ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின், பத்து வருடப் பழையது, வந்தது. மூக்கில் வைத்ததும் எனக்கு ரேஷன் கடை வரிசை. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, மெதுவாக, "மண்ணெண்ணெய்" என்றேன். சிரிப்பார்கள் என்று பார்த்தால் ஒயின்காரருக்கு வாயெல்லாம் பல்! வெயில் பட்ட, வயதான ரீஸ்லிங்கில் அந்த வாடை வரும், டிடிஎன் என்ற சேர்மம் அதற்குக் காரணம், அதையே பெட்ரோல் வாடை என்று பெருமையாகச் சொல்கிறவர்களும் உண்டு.

மிளகு இன்னும் விசேஷம். சில ஷிராஸில், முக்கியமாகக் குளிர்ச்சியான இடத்தில் விளைந்ததில், அப்போதுதான் அம்மியில் தட்டிய மிளகு மாதிரி மணம் வரும். இது வெறும் உவமை இல்லை. மிளகுக்கு மணம் கொடுக்கிற ரொட்டண்டோன் என்ற அதே பொருள்தான் திராட்சைத் தோலிலும் இருக்கிறது, அடிலெய்டில் இருக்கும் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2008-ல் இதை வெளியிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் சுமார் ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் தெரிவதே இல்லையாம், எவ்வளவு கூட்டினாலும். ஆகவே பக்கத்து இருக்கைக்காரர் "மிளகா, எங்கே?" என்று கேட்டால் சந்தேகப்பட வேண்டாம், அவர் மூக்கு அப்படி.

துவர்ப்பு விஷயத்தில் நீங்கள் மற்றவர்களை விட நாலடி முன்னால் நிற்கிறீர்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அதற்கு ஒரு சொல்லே கைவசமில்லை, 'வாய் காய்கிறது', 'கசக்கிறது' என்று சுற்றிச் சுற்றி வந்தார்கள். நமக்கு வாழைப்பூ ஒரு துவர்ப்பு, பாக்கு ஒரு துவர்ப்பு, கடுக்காய் ஒரு துவர்ப்பு. பரோசா ஷிராஸின் துவர்ப்பு நாவல்பழம், இளசான கேபர்னே சோவின்யோன் என்ற இன்னொரு சிவப்பு ஒயின் என்றால் கொட்டைப்பாக்கு. இப்படி எழுதுங்கள். பரீட்சைக்கு மட்டும் அவர்கள் சொல்லும் வேண்டும் என்பதால், கடையில் ஒரு பாட்டில் பிளாக்கரன்ட் ஜாம் வாங்கி வைத்துக்கொண்டு காலையில் ரொட்டியோடு தின்று தீர்த்துவிடுங்கள். லிச்சி டப்பாவில் கிடைக்கும்.

கார்க் இல்லாமல் திருகுமூடி போட்ட ஒயின் மட்டரகம் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், புதுச்சேரி

இல்லை. கிளேர் பள்ளத்தாக்குக்காரர்கள் குழுவாகச் சேர்ந்து 2000-ஆம் ஆண்டு ரீஸ்லிங்கைத் திருகுமூடியில் அடைத்தார்கள், நியூசிலாந்துக்காரர்கள் அடுத்த வருடமே இயக்கமாகக் கிளம்பினார்கள். காரணம், கார்க்கிலிருந்து வந்து ஒயினைக் கெடுக்கிற டிசிஏ என்ற சேர்மம். அது எப்படி இருக்கும் என்று காட்டவே ஒருவர் கெட்டுப்போன பாட்டில் ஒன்றைப் பத்திரப்படுத்தி வைத்திருந்து வகுப்புக்குக் கொண்டுவந்தார். முதலில் நல்லது, அப்புறம் இது. அடை மழையில் நனைந்த சாக்கு, மூலையில் மடித்துப் போட்ட ஈர நியூஸ்பேப்பர். பழ மணம் மொத்தமாகக் காணாமல் போயிருந்தது. குடித்தால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது, காசுதான் போச்சு. அன்றைக்கு எட்டு நல்ல ஒயினில் கற்றதைவிட அந்த ஒரு கெட்ட ஒயினில் கற்றது அதிகம்.

ஒயின் ஊற்றிச் சமைத்தால் ஆல்கஹால் முழுக்க ஆவியாகிவிடும் என்கிறார்கள். குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, கோவை

முழுக்கப் போகாது. அமெரிக்க வேளாண்துறையின் அட்டவணைப்படி 15 நிமிடம் கொதித்தால் சுமார் 40 சதவீதம் மிஞ்சும், ஒரு மணி நேரத்துக்கு 25, இரண்டரை மணி நேரம் வெந்தாலும் 5. தீப்பற்ற வைத்துக் காட்டுகிறார்களே, அதில் 75 சதவீதம் அப்படியே இருக்கும், பார்க்கத்தான் பயங்கரம். நான் என் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை.

செட்டிநாட்டுக் கோழிக்கு எந்த ஒயின்?
– பெயர் வேண்டாம், காரைக்குடி

மோர். விடமாட்டேன் என்றால், லேசாக இனிப்புள்ள ரீஸ்லிங், நன்றாகக் குளிர வைத்தது. ஆல்கஹாலும் டானினும் காரத்தைத் தூக்கிவிடும், அதனால் ஷிராஸ் பக்கம் போக வேண்டாம், நாக்கு வெந்துவிடும்.

இந்த ஒயின்காரர்கள் ஏன் மெனக்கெட்டு மாணவர்களுக்கு வந்து சொல்கிறார்கள்? சும்மாவா?
– ஒரு வாசகர், சேலம்

சும்மா யார் வருவார்? இன்றைக்கு வெங்காயம் நறுக்குகிற பையன் ஐந்தாறு வருடத்தில் ஓர் உணவகத்தின் ஒயின் பட்டியலில் கைவைக்கப்போகிறவன், அவனுக்கு இப்போதே பெயர் பதிந்துவிட வேண்டும். விற்பனைதான், ஆனால் அதை மட்டுமே செய்தவர்களை எங்களுக்கு ஞாபகமில்லை. பளபளப்பான படங்களைத் திரையில் ஓடவிட்டுப் பரிசு வாங்கிய பட்டியலை வாசித்துவிட்டுப் போன ஒருவர் வந்தார், அவர் ஒயினின் பெயர் எனக்கு மறந்தே போயிற்று.

அங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில்தான் நிறையப் பேர் வருவார்கள், பிப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரை அங்கே அறுவடை, கூப்பிட்டாலும் வரமாட்டார்கள். அப்படி ஒரு குளிர்காலத்தில் வந்த பெரியவர், கவாத்து செய்த கொடித் துண்டு ஒன்றையும் ஒரு டப்பா சிவப்பு மண்ணையும் மேஜையில் வைத்துவிட்டு, மண்ணை நனைத்து முகரச் சொன்னார். 1842-ல் ஜெர்மானியக் குடியேறிகள் பரோசாவுக்கு வந்த கதையைச் சொன்னார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை வேரோடு அழித்த ஃபிலாக்ஸெரா பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையவேயில்லை, அதனால் 1843-ல் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்றும் சொந்த வேரில் நின்று காய்க்கின்றன. இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் பாட்டிலைத் திறந்தார்.

எங்கள் பன்னீர் திராட்சையில் ஒயின் செய்தால் அந்த வகுப்புக்குக் கொண்டுபோக முடியுமா?
– ஒரு விவசாயி, கம்பம்

கொண்டுபோங்கள் ஐயா, கூசவே வேண்டாம். உங்கள் பன்னீர் திராட்சை வேறு யாருமில்லை, மஸ்கட் ஹாம்பர்க் என்று உலகம் முழுக்கத் தெரிந்த ரகம், 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. வெளிநாடுகளில் இதை பிளாக் மஸ்கட் என்று சொல்லி, சாப்பாட்டுக்குப் பின் குடிக்கிற இனிப்பு ஒயின் செய்கிறார்கள். வெயிலில் பழுக்கப் பழுக்கப் புளிப்பு இறங்கிவிடும் என்பதுதான் சிக்கல், பழத்துக்காகப் பறிக்கிற நாளில் பறித்தால் ஒயின் சப்பென்று போகும், சற்று முன்னால் பறிக்க வேண்டியிருக்கும். அந்த ரோஜாப்பூ மணத்தை வகுப்பில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை, கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோகும் முன்பே வந்துவிடும்.

துப்பும்போது சட்டையில் பட்டால் கறை போகுமா?
– மேலே வந்த மெல்பர்ன் மாணவியே, பின்குறிப்பில்

உடனே பச்சைத்தண்ணீர், மேலே உப்பு. வெந்நீர் வேண்டாம். நம் சீருடை வெள்ளை என்பதுதான் கொடுமை, ஏப்ரனைக் கழுத்துவரை இழுத்துக் கட்டிக்கொண்டு, வாளிக்கு நன்றாகக் குனிந்து துப்புங்கள்.