தை மாதத்துப் படம் காட்டாதது

கேள்வி: சுவிஸில் இருக்கும் அண்ணா 2024 தையில் ஒரு படம் அனுப்பினார். மலை முழுக்க வெள்ளைவெளேரென்று பனி. அந்த முறை வழமையைவிடக் கூடக் கொட்டியதாம். பிறகும் பனிக்கட்டியாறுகள் தேய்கின்றன என்கிறார்களே, எப்படி?
— வாசகர், மாங்குளம்

பதில்: படம் பொய்யில்லை. அதை வைத்து நீங்கள் வந்த முடிவுதான் பிழை. மார்கழியில் வான் பாயும் இரணைமடுவைப் பார்த்துவிட்டு, ஆவணியிலும் குளம் இப்படியே நிற்கும் என்பீர்களா? பனிக்கட்டியாறு என்பது மலைச்சரிவில் மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டித் திணிவு. அதற்கும் வரவு, செலவு இரண்டும் உண்டு: விழும் பனி வரவு, உருகுவது செலவு. அதன் கணக்கு ஒக்டோபர் 1இல் தொடங்கி அடுத்த செப்டெம்பர் 30இல் முடியும். நம் காலபோகத்தை ஒட்டித்தான் அதுவும் தொடங்குகிறது. தையில் எடுத்த படத்தில் வரவு மட்டுமே இருக்கும்.

அந்த வரவையும் உயரத்தால் மட்டும் அளக்கக் கூடாது. ஏப்ரல் கடைசியில், போன கோடையின் அழுக்குப் படை தட்டுப்படும்வரை குழி தோண்டுவார்கள். 4 மீற்றர் ஆழம் என்று வையுங்கள். குழாயால் வெட்டியெடுத்து நிறுத்தால் ஒரு கன மீற்றர் 450 கிலோ. அப்படியானால் நீராக அது 1.8 மீற்றர்தான். செலவை அளக்க, தாழ்ந்த பகுதியில் சூடான நீராவியால் துளையிட்டுக் கம்பு இறக்குவார்கள். கோடை முடிவில் பனிக்கட்டி 6 மீற்றர் தாழ்ந்து கம்பு அந்தளவு வெளியே நின்றால், கன மீற்றருக்கு 900 கிலோவாக, 5.4 மீற்றர் நீர் போய்விட்டது. கம்பு கட்டையாக இருந்தால் அடி வெளியே வந்து சாய்ந்துவிடும். அந்த வருட அளவும் அதோடு போயிற்று. கம்புகளின் அளவுகளைக் கூட்டிச் சராசரி எடுப்பதும் தவறு. எந்த உயரத்தில் எவ்வளவு பரப்பு என்று பெருக்கித்தான் மொத்தம் காண வேண்டும்.

இப்போது உங்கள் 2024க்கு வருவோம். சுவிஸ் பனிக்கட்டியாறுகளில் ஜூன் தொடக்கம்வரை சராசரியைவிட ஏறத்தாழ 30 வீதம் கூடுதல் பனி கிடந்தது. அப்படியிருந்தும் வருட முடிவில் 2 வீதத்துக்கு மேல் பனிக்கட்டி இழப்பு. ஜூலை, ஓகஸ்ட் வெயில் அவ்வளவையும் தின்றது. சகாராப் பாலைவனத் தூசியும் துணை போனது. புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் 80 வீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். வெறும் பனிக்கட்டி மூன்றில் ஒரு பங்கை அனுப்பினாலே பெரிது. தூசி படிந்தால் இன்னும் குறையும். அதனால்தான் நடுக்கோடையில் ஒரு நாள் புதுப்பனி விழுந்தாலே உருகுவது சில நாள் தள்ளிப்போகிறது. 2022இல் பனியும் குறைவு, தூசியும் வந்தது, வெயிலும் கொளுத்தியது: ஒரே வருடத்தில் 6 வீதம் போனது.

பனிக்கட்டியாற்றின் நுனி எவ்வளவு பின்வாங்கியது என்பதை வைத்தும் ஒரு வருடத்தைத் தீர்க்க முடியாது. நுனி பல வருடக் கணக்குக்குப் பிந்தித்தான் அசையும்.

அண்ணாவிடம் இன்னொரு படம் கேளுங்கள். செப்டெம்பரில், புதுப்பனி விழ முன்பு, அதே இடத்தில் நின்று எடுக்கட்டும். வெள்ளை முடிந்து சாம்பல்நிறப் பனிக்கட்டி தொடங்கும் கோடு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அது உச்சிவரை ஏறியிருந்தால், அந்த வருடத்து வரவில் எதுவும் மிஞ்சவில்லை.