டாக்டர் வீட்டுப் பொண்ணு டாக்டருங்க மேலயே கேஸ் நடத்தலாமா?

கேள்வி: நாங்க நியூ ஜெர்சில இருக்கோம். என் கணவர் இன்டர்னல் மெடிசின் டாக்டர், சொந்தமா கிளினிக் வெச்சிருக்கார். மக லா முடிச்சிட்டு நியூயார்க்ல ஒரு பெரிய லா ஃபர்ம்ல மூணு வருஷமா வேலை பாக்கறா. இப்ப அத விட்டுட்டு கவர்ன்மென்ட் வக்கீலா சேர்ந்து, வயசானவங்களுக்கு அரசாங்கம் தர்ற மெடிகேர் இன்சூரன்ஸ்ல பொய்க் கணக்கு காட்டி ஏமாத்தறவங்க மேல கேஸ் நடத்தப் போறேன்ங்கறா. சம்பளம் பாதி கூட வராது. இவரோட ஃப்ரெண்ட்ஸ் எல்லாருமே டாக்டருங்க, "உன் பொண்ணு எங்களையே உள்ள தள்ளிடுவா போலயே"னு இப்பவே கிண்டல் பண்றாங்க. இவர் அவகிட்ட பேசறதையே நிறுத்திட்டார். அவ மனச எப்படி மாத்தறது? (பெயர் வேண்டாம்)

பதில்: அக்கா, பொண்ணு மனச மாத்த வழி கேக்கறீங்க, படிச்சதும் எனக்கு மாத்த வேண்டியது அண்ணன் மனசத்தான்னு தோணுச்சு, கோச்சுக்காதீங்க.

அந்த ஃப்ரெண்ட்ஸ் என்ன நெனச்சிட்டிருக்காங்கன்னா, பில்லுல ஒரு நம்பர் மாறினா கூட எஃப்பிஐ வந்து கதவத் தட்டும்னு. அப்படியெல்லாம் கிடையாது. இந்த மாதிரி மோசடிக்குன்னே 1996-ல வந்த சட்டம் இருக்கு, அதுல தெரிஞ்சே, வேணும்னே ஏமாத்தினான்னு ஜூரி முன்னாடி நிரூபிச்சாதான் தண்டனை. பேஷன்ட்டப் பாத்ததுக்கு பில்லுல ஒரு கோட் நம்பர் போடுவாங்கல்ல, 99213 போட வேண்டிய இடத்துல அத விட அதிகப் பணம் வர்ற 99214 போட்டுட்டாங்கன்னு வைங்க, அது கவனக்குறைவா, பில்லிங் பொண்ணுக்குத் தெரியலையா, இல்ல "எல்லாருக்கும் 14 போடு"னு டாக்டரே சொன்னாரா? அந்தக் கடைசிக் கேள்விக்கு ஆதாரம் தேடறதுதான் உங்க பொண்ணு பாக்கப் போற வேலைல முக்கால்வாசி. ஈமெயில், மெசேஜ், பேஷன்ட் ஃபைல், மெடிகேருக்கு அனுப்பின பில்லோட லட்சக்கணக்கான வரி டேட்டா, இதுக்கெல்லாம் நடுவுல உக்காந்து ஒருத்தன் மனசுல என்ன இருந்துச்சுன்னு கண்டுபிடிக்கணும். இந்த நம்பரெல்லாம் உங்க வீட்டு சாப்பாட்டு மேஜைல பேசிக் கேட்டு வளர்ந்த பொண்ணு அவ. நேர்மையான கிளினிக் எப்படி நடக்கும்னு தெரிஞ்ச வக்கீல் அந்த நாற்காலில உக்காந்தா அது டாக்டருங்களுக்குத்தான் நல்லது, இத அண்ணன்கிட்ட சொல்லிப் பாருங்க.

அப்புறம் மாட்டறவங்க எல்லாம் டாக்டருங்கன்னு யார் சொன்னா? 2019 ஏப்ரல்ல ஒரு பெரிய கேஸ், உங்க நியூ ஜெர்சி கோர்ட்லயும் குற்றச்சாட்டு பதிவாச்சு. வயசானவங்களுக்கு ஃபோன் வரும், "முட்டி வலிக்குதா, இடுப்பு வலிக்குதா, மெடிகேர்ல ஃப்ரீயா பிரேஸ் தர்றோம்"னு, அதாவது வலிக்கற இடத்துல கட்டிக்கற பட்டை. இவங்க ஆமாங்க வேண்டியது, பேஷன்ட்டப் பாக்காமலே, சில சமயம் ஒரு வார்த்த பேசாமலே ஏதோ ஒரு டாக்டர் கையெழுத்துப் போடுவார், பிரேஸ் கம்பெனி மெடிகேருக்கு பில் அனுப்பும், டாக்டருக்கு ஒரு பங்கு லஞ்சம். நஷ்டம் 120 கோடி டாலருக்கும் மேலன்னு அரசு சொல்லுச்சு. குற்றம் சாட்டப்பட்ட 24 பேர்ல மெடிக்கல் லைசென்ஸ் வெச்சிருந்தவங்க மூணே பேர்! மிச்சமெல்லாம் டெலிமெடிசின் கம்பெனி, அதாவது ஃபோன்ல, வீடியோல டாக்டரப் பாக்க வைக்கற கம்பெனி நடத்தினவங்க, பிரேஸ் வித்தவங்க, இந்த மாதிரி ஆளுங்க.

டாக்டரே பண்ற கொடுமையும் இருக்கு, இல்லேங்கல. மிச்சிகன்ல ஃபரித் ஃபதான்னு ஒரு கேன்சர் டாக்டர், தேவையே இல்லாதவங்களுக்கு, கேன்சரே இல்லாதவங்களுக்குக் கூட கீமோ ஏத்தினார், பாதிக்கப்பட்டவங்க 553 பேர், 2015-ல 45 வருஷம் தண்டனை. அவரப் பத்திப் புகார் கொடுத்தது அவர்கிட்ட வேலை பாத்த மேனேஜர்தான். இத அண்ணன் கிட்ட கேளுங்க, அந்த ஆளு உள்ள போனது டாக்டர் சமூகத்துக்கு அவமானமா, இல்ல அவ்ளோ நாள் வெளிய இருந்ததா?

வேலை சுகமா இருக்கும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஒரு கேஸ் வருஷக்கணக்கா இழுக்கும். ஃப்ளோரிடால ஃபிலிப் எஸ்ஃபோர்ம்ஸ்னு நர்ஸிங் ஹோம் ஓனர், 130 கோடி டாலர் மோசடின்னு அரசு நடத்தின கேஸ், அதுல வக்கீலோட பேசின ரகசிய பேப்பரையெல்லாம் விசாரணை டீம் பாத்துட்டாங்கன்னு அரசுத் தரப்பையே கோர்ட்ல வறுத்தெடுத்தாங்க, அதையும் தாண்டி 2019-ல 20 வருஷம் வாங்கிக் கொடுத்தா 2020 டிசம்பர்ல ஜனாதிபதி தண்டனையக் குறைச்சு வெளிய விட்டுட்டார். அவ்ளோதான், இத்தன வருஷ உழைப்பு. இதத் தாங்குவாளான்னு அவகிட்ட கேளுங்க, சம்பளத்த விட இதுதான் பெரிய கேள்வி. சம்பளம்னா, அவளுக்கு ஃபெடரல் ஸ்டூடன்ட் லோன் இருந்தா அரசு வேலைல 10 வருஷம், அதாவது 120 தவணை ஒழுங்கா கட்டினா மீதி தள்ளுபடி ஆகற திட்டம் இருக்கு, எவ்ளோ பாக்கின்னு பாத்துட்டு அப்புறம் கணக்குப் போடுங்க.

இப்ப கிண்டலுக்கு வருவோம். தெரிஞ்சவர் மேல கேஸ் வந்தா என்ன பண்ணுவான்னுதானே பயம்? சொந்தக்காரங்க, நெருங்கினவங்க சம்பந்தப்பட்ட கேஸ்லேர்ந்து அவ ஒதுங்கிடணும், அது விதி. வேற யாராவது பாப்பாங்க. ஆனா அண்ணனுக்கும் ஒரு விதி இருக்கு, அது எந்த சட்டத்துலயும் எழுதியிருக்காது. தீபாவளி பார்ட்டில யாராவது தனியா கூப்பிட்டு "எனக்கு கவர்ன்மென்ட்லேர்ந்து ஒரு லெட்டர் வந்திருக்கு, பாப்பாகிட்ட சும்மா கேட்டுச் சொல்லேன்"னு சொன்னா "உங்க வக்கீலப் பாருங்க"ன்னு அந்த இடத்துலயே முடிச்சிடணும். "கேட்டுப் பாக்கறேன்"னு வாய்தவறி கூட சொல்லக் கூடாது, ஏன்னா விசாரணை நடக்குதா இல்லையாங்கறதே ரகசியம், அவ வாயத் தொறந்தா வேலையோட போகாது. நீங்களும் இன்னிக்கு என்ன கேஸ்னு கேக்காதீங்க, சாப்டியான்னு கேளுங்க போதும்.

இன்னொண்ணு, பேக்ரவுண்ட் செக்குக்கு ஒரு பெரிய ஃபாரம் கொடுப்பாங்க, எஸ்எஃப்-86னு. வெளிநாட்டுப் பயணம், வெளிநாட்டுல இருக்கற உறவு, சொத்து எல்லாம் அதுல எழுதணும், எதையும் மறைக்கக் கூடாது. ஊர்ல அவ பேர்ல வீடு, நிலம்னு ஏதாவது எழுதி வெச்சு இன்னும் அவளுக்கே சொல்லலைன்னா, இந்த வாரமே சொல்லிடுங்க.