புற்றுநோய்ச் சிகிச்சை எல்லோருக்கும் எட்ட வேண்டும்: தன்னார்வலர்களின் கேள்விகளும் என் பதில்களும்

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள். கடந்த பதினான்கு ஆண்டுகளாக, சென்னைக்குச் சிகிச்சைக்கு வரும் வெளியூர்ப் புற்றுநோயாளிகளுக்குத் தன்னார்வலராக உதவி வருகிறேன். மருத்துவர் அல்லள் என்பதால், நோயின் நிலை, மருந்தின் அளவு பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்ல மாட்டேன். சிகிச்சை ஏழைகளின் கைக்கு எப்படி எட்டும், அதில் நாம் எங்கே தோள் கொடுக்கலாம் என்பதைக் கேளுங்கள்.

கேள்வி (மதுரை, கல்லூரி மாணவர்): அம்மா, எங்கள் வகுப்பில் நாற்பது பேர் சேர்ந்து, ரத்தப் புற்றுநோய் என்று சொல்லப்படும் ஒரு குழந்தைக்காக நிதி திரட்ட விரும்புகிறோம். எங்கே தொடங்குவது?

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நோயை உறுதிசெய்த பரிசோதனை அறிக்கையும் மருத்துவமனைப் பதிவு எண்ணும் கைக்கு வராமல் ஒரு ரூபாயும் திரட்டாதீர்கள். குழந்தையின் படத்தை எங்கும் பகிராதீர்கள். பிழைத்து வளர்ந்த பிறகு, பெண் பார்க்கப் போகும் இடம்வரை அந்தப் படம் பின்தொடரும்.

குழந்தைகளுக்கு அதிகமாக வரும் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டிலிருந்து மூன்று ஆண்டுகள் நடக்கும். முதல் சில மாதங்கள் ஊசியும் வார்டுமாகக் கழியும். அதன்பின் வீட்டிலிருந்தபடியே மெர்காப்டோப்யூரின் மாத்திரையை நாள்தோறும், மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரம் ஒருமுறை என்று நீண்ட காலம் கொடுக்க வேண்டும். இந்த இரண்டும் விலை உயர்ந்த மாத்திரைகள் அல்ல. ஆனால் குடும்பங்கள் சிகிச்சையைக் கைவிடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

பல ஆண்டுகளுக்கு முன் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஆறு வயதுச் சிறுவனுக்காக நாங்கள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் திரட்டினோம். மருந்துக்கும் ஊசிக்கும் ஒரு நாளும் குறை வைக்கவில்லை. சில மாதங்களில் தலைமுடி மீண்டும் முளைத்தது, பையன் தெருவில் ஓடி விளையாடினான். அப்பா கரும்பு வெட்டும் கூலித் தொழிலாளி. ஒருமுறை சென்னைக்கு வந்து போனால் இரண்டு நாள் கூலி போய்விடும், பேருந்துச் செலவு வேறு. "அதான் பையன் நல்லாயிட்டானே, இன்னும் எதுக்கு அலைச்சல்" என்று பாட்டி சொன்னதும் வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் வராமல் போனதே எனக்குத் தெரியவில்லை. அவர்களுடைய தொலைபேசி எண்ணைக்கூட நான் எழுதி வைத்திருக்கவில்லை. எட்டு மாதம் கழித்துக் காய்ச்சலோடு தூக்கி வந்தபோது நோய் திரும்பியிருந்தது. அந்தச் சிறுவன் இன்று இல்லை. ஒரு லட்சம் திரட்டத் தெரிந்த எங்களுக்கு, சில நூறு ரூபாய் பேருந்துக் கட்டணத்தைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை.

வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குணமாகிறார்கள் என்றும், வறிய, நடுத்தர வருமான நாடுகள் பலவற்றில் அது 30 சதவீதத்துக்கும் கீழே இருக்கிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோயைத் தாமதமாகக் கண்டறிவதும், மருந்து கிடைக்காததும், பாதியில் நின்றுபோகும் சிகிச்சையும் இந்த இடைவெளிக்குக் காரணங்கள். இவற்றில் கடைசியானது, மருத்துவப் படிப்பு இல்லாத நம்மைப் போன்றவர்களால் தடுக்கக்கூடியது. ஆகவே அறிக்கை கைக்கு வந்த பிறகு மீண்டும் எழுதுங்கள், அடுத்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (சென்னை, வங்கி ஊழியர்): எனக்குச் சனிக்கிழமை மட்டுமே ஓய்வு. அந்த ஒரு நாளில் என்ன செய்ய முடியும்?

நிறையவே செய்யலாம். வெளியூரிலிருந்து வருபவரின் மஞ்சள் பையைத் திறந்தால், மடித்து மடித்துக் கிழிந்த ஸ்கேன் அறிக்கை, குடும்ப அட்டையின் நகல், எந்த மருந்துக்கு என்று தெரியாத ரசீதுகள் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். அவற்றைத் தேதி வாரியாக ஒரு கோப்பில் அடுக்கிக் கொடுப்பது பெரிய உதவி. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அதற்கான வருமானச் சான்று இல்லாமல் நிற்கும் குடும்பங்களுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லித் தாருங்கள். சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிகளுக்கு ரயிலில் பயணச் சலுகை உண்டு, மருத்துவமனையில் உரிய படிவத்தில் கையொப்பம் வாங்க வேண்டும். இது தெரியாமல் முழுக் கட்டணம் கொடுத்து வருபவர்களை நான் இன்றும் பார்க்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. கதிரியக்கச் சிகிச்சையை நம் ஊர்களில் "கரண்ட் வைக்கிறது" என்று சொல்கிறார்கள். உடம்பில் மின்சாரம் பாய்ச்சுவார்கள் என்று பயந்து ஓடிப்போனவர்கள் உண்டு. கதவுக்கு வெளியே ஒரு மணி நேரம் அவர்களோடு உட்கார்ந்து பேசுவதற்கு எந்தப் பட்டமும் வேண்டாம்.

கேள்வி (திருச்சி): முடி தானம் செய்ய விரும்புகிறேன். எங்கே கொடுப்பது?

விக் செய்து தரும் அமைப்பிடம் நீளமும் முறையும் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் சிகிச்சை கிடைப்பதற்கும் அதற்கும் தொடர்பு குறைவு.

கேள்வி (டொராண்டோ): என் தந்தையார் காலமானபின் மீதமுள்ள மருந்துகள் இருக்கின்றன. இங்குள்ள தமிழர்கள் சேர்ந்து ஊர் மருத்துவமனைக்கு ஒரு கதிரியக்கக் கருவியும் அனுப்ப நினைக்கிறோம்.

தந்தையாரின் இழப்புக்கு என் வருத்தங்கள். அந்த மருந்துகளை அனுப்ப வேண்டாம். நோயாளியின் கைக்குப் போய்த் திரும்பிய மருந்தைத் தானமாகக் கொடுக்கக்கூடாது என்பதும், தானமாக வரும் மருந்துக்குக் குறைந்தது ஓராண்டு காலாவதிக் கெடு மிச்சம் இருக்க வேண்டும் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறைகள். எந்த வெப்பத்தில், எந்த அலமாரியில் இருந்தது என்று தெரியாத மருந்தை நான் யாருடைய கையிலும் கொடுக்க மாட்டேன்.

கருவியைப் பொறுத்தவரை, வாங்குவது முதற்படி மட்டுமே. கதிர் கசியாத தடித்த சுவர்கள் கொண்ட அறை, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி, மருத்துவ இயற்பியலாளர், ஆண்டுதோறும் பராமரிப்பு ஒப்பந்தம், தடையில்லா மின்சாரம் ஆகிய அனைத்தும் வேண்டும். கோபால்ட் கருவியாக இருந்தால், அதன் கதிர்வீச்சு ஏறத்தாழ 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் என்பதால் உள்ளே இருக்கும் கோபால்ட் மூலத்தை மாற்றும் செலவையும் கணக்கிட வேண்டும். பத்து ஆண்டுப் பராமரிப்புக்கும் பணம் ஒதுக்க முடிந்தால் மருத்துவமனையோடு பேசுங்கள். முடியாவிட்டால், நோயாளிகளும் துணைக்கு வருபவர்களும் தங்க ஓர் இல்லத்துக்கு வாடகை கொடுங்கள். ஆறு வாரம் தினமும் கதிரியக்கம் பெற வேண்டியவருக்குத் தங்க இடம் இல்லையென்றால், எவ்வளவு நல்ல கருவி இருந்தும் பயனில்லை.

கேள்வி (கோவை, மருந்து நிறுவனப் பிரதிநிதி): மலிவான ஜெனரிக் மருந்துகளை, அதாவது அதே மருந்தைப் பிற நிறுவனங்கள் தயாரித்து விற்பவற்றை, தன்னார்வலர்கள் பரிந்துரைப்பது சரியா? புதிய மருந்தைக் கண்டுபிடித்தவருக்கு உரிய விலை கிடைக்காவிட்டால் நாளைய மருந்து எங்கிருந்து வரும்?

தன்னார்வலர் எந்த மருந்தையும் பரிந்துரைக்கக்கூடாது. அதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் விலையைப் பற்றி நீங்கள் சொல்வதற்குச் சென்னையிலேயே தொடங்கிய ஒரு வழக்கிலிருந்து பதில் சொல்கிறேன்.

ஒருவகை ரத்தப் புற்றுநோயை மாத்திரையால் கட்டுக்குள் வைக்க முடியும் என்று காட்டியது இமாடினிப். நோவார்ட்டிஸ் நிறுவனம் அதைக் க்ளீவெக் என்ற பெயரில் விற்றது. இந்தியாவில் ஒரு மாத மருந்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய் ஆனபோது, இங்கே தயாரான ஜெனரிக் மருந்து சுமார் 8,000 ரூபாய்க்குக் கிடைத்தது. மருந்தின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்ட விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் நிராகரித்தது. அந்த விண்ணப்பத்தை எதிர்த்தவர்களில், நோயாளிகளுக்காகப் பணிபுரியும் மும்பையின் கேன்சர் பேஷன்ட்ஸ் எய்ட் அசோசியேஷனும் ஒன்று. அங்கே இருந்தவர்களும் நம்மைப் போன்றவர்கள்தாம். சென்னை உயர் நீதிமன்றத்தைக் கடந்து, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அறியப்பட்ட ஒரு மருந்தின் புதிய வடிவம், சிகிச்சைப் பயனில் முன்னதைவிட மேம்பட்டதாக இருந்தாலன்றிக் காப்புரிமை கிடையாது என்பது நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு.

(அவரே மீண்டும்): அந்த நிறுவனம் ஆயிரக்கணக்கானோருக்கு இலவசமாகவும் கொடுத்ததே? அதைச் சொல்லாமல் விடுவது நியாயமா?

கொடுத்தது, உண்மை. அதனால் பிழைத்தவர்களை நான் அறிவேன், அவர்கள் சார்பில் நன்றியும் உண்டு. ஆனால் இலவசம் என்பது கொடுப்பவர் விரும்பும்வரை நீடிப்பது. விலை குறைந்தால் அரசு வாங்கும், காப்பீடு ஏற்கும், நோயாளி யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

(பெங்களூர், ஆராய்ச்சி மாணவி): ஈரல், சிறுநீரகப் புற்றுநோய்க்கான சொராஃபெனிப் மருந்தின் விவகாரத்தையும் சொல்லுங்கள், அம்மா. கட்டாய உரிமம் கொடுத்தது சரிதானா?

சரி என்றே கருதுகிறேன். கட்டாய உரிமம் என்பது, காப்புரிமை பெற்றவரின் சம்மதம் இல்லாமலே அந்த மருந்தைத் தயாரிக்க இன்னொரு நிறுவனத்துக்கு அரசு தரும் அனுமதி. 2012 மார்ச்சில் இந்தியா வழங்கிய முதல் கட்டாய உரிமம் அது. மாதத்துக்குச் சுமார் 2,80,000 ரூபாய்க்கு விற்ற மருந்தை 8,880 ரூபாய்க்கு விற்க நாட்கோ நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்தது. காப்புரிமை பெற்ற பேயர் நிறுவனத்துக்கு விற்பனையில் ஒரு பங்கு உரிமைத் தொகையாகத் தர வேண்டும் என்றும் உத்தரவானது. கண்டுபிடித்தவருக்கும் பங்கு, நோயாளிக்கும் மருந்து.

கோவை நண்பருக்கு ஒன்றை மனமார ஒப்புக்கொள்கிறேன்: மலிவான மருந்தெல்லாம் தரமானது என்று சொல்ல மாட்டேன். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குப் போடும் ஆஸ்பராஜினேஸ் ஊசியில், சில தயாரிப்புகளின் வீரியம் போதாது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்கு மருந்து ஒவ்வொரு கடையாகத் தேடி வாங்கப்படாமல், பெரிய மருத்துவமனைகள் சேர்ந்து தரம் பார்த்து மொத்தமாக வாங்க வேண்டும். டாட்டா நினைவு மையத்தின் முன்னெடுப்பில் 2012-இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பு 40 மருந்துகளை அப்படிக் கூட்டாகப் பேரம் பேசி வாங்கியபோது, செலவில் 80 சதவீதத்துக்கும் மேல் மிச்சமானது. விலையும் தரமும் ஒருசேரக் கைகூடும் வழி இது. இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்துகிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (சேலம்): வீட்டில் மீதமுள்ள கீமோ மாத்திரைகளை யாருக்குக் கொடுக்கலாம்?

டொராண்டோ நண்பருக்குச் சொன்னதே உங்களுக்கும். யாருக்கும் கொடுக்காதீர்கள். சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்து அழிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (வேலூர்): மூலிகையால் குணமாகும் என்கிறார்களே?

அது என் துறையன்று. கட்டி சிறிதாக இருக்கும்போது அங்கே போய், பெரிதான பின் இங்கே வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். முதலில் மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி (நாமக்கல்): எங்கள் கல்லூரியில் முடி தான முகாம் நடத்தலாமா?

மேலே திருச்சிக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): எங்களிடம் மருத்துவமனை இருக்கிறது, மருந்துதான் சில வேளைகளில் இல்லை. வெளியிலிருப்போர் எப்படி உதவலாம்?

2011-இல் இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை 27 நாட்கள் நடந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்காக நிதி திரட்டினார்கள். சிங்களவரும் தமிழரும் சேர்ந்து நடந்த நடை அது. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது உங்களுக்கு நேர்ந்ததையும் அறிவேன். உதவ விரும்புவோர், மருத்துவமனை மருந்தகம் எழுத்தில் தரும் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு, அதிலுள்ள மருந்தை மட்டும், அந்த அளவில் மட்டும் வாங்கித் தர வேண்டும். தேவையில்லாத மருந்து பெட்டி பெட்டியாக வந்தால், அதைப் பிரித்து, எண்ணி, அழிக்கவே ஒருவருடைய வேலை நேரம் போய்விடும்.

கேள்வி (திண்டுக்கல், மகளிர் குழுத் தலைவி): நாங்கள் பன்னிரண்டு பெண்கள். பணம் இல்லை. எங்களால் என்ன முடியும், அம்மா?

உங்கள் மாவட்டத்தில் உங்களைப் போன்ற பெண்கள் உலகத்துக்கே ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாக மாறும் இடத்தைக் கண்ணால் பார்த்துக் கண்டறியும் எளிய பரிசோதனையை, பயிற்சி பெற்ற செவிலியர்கள் திண்டுக்கல் கிராமங்களில் செய்தார்கள். 2007-இல் வெளியான முடிவின்படி, பரிசோதனை நடந்த ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் நேரும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன. அந்த ஆய்வின் செவிலியர்கள் முன்னால் வந்து உட்கார்ந்த ஒவ்வொரு பெண்ணையும் யாரோ ஒருவர் பேசி அழைத்து வந்திருப்பார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை நாள் எது என்று கேட்டு, முப்பது வயதைக் கடந்த பெண்களைக் கூட்டமாக அழைத்துச் செல்லுங்கள். தனியாகப் போகக் கூச்சப்படுபவள் பத்துப் பேரோடு போவாள். ஆரம்ப நிலையில் தெரிந்தால் செலவும் மிகக் குறைவு.

கேள்வி (நாகர்கோவில்): அத்தைக்கு இனிச் சிகிச்சை இல்லை என்றுவிட்டார்கள். வலியில் இரவெல்லாம் அழுகிறார். இதற்கும் தன்னார்வலர்கள் உண்டா?

உண்டு. சிகிச்சை இல்லை என்பதன் பொருள் மருந்து இல்லை என்பதன்று. வாய்வழி மார்ஃபின் விலை மலிவானது, இந்தியாவிலேயே தயாராவது. 1985-ஆம் ஆண்டுப் போதைமருந்துச் சட்டத்தின் கெடுபிடியால் பல மருத்துவமனைகள் அதை வைத்திருக்கவே அஞ்சின. 2014-இல் சட்டம் திருத்தப்பட்ட பின் நடைமுறை எளிதாகியிருக்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனையில் வலிநிவாரண, ஆதரவுச் சிகிச்சைப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். அங்கே கிடைக்காவிட்டால், எல்லை தாண்டித் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்ற வலிநிவாரண, ஆதரவுச் சிகிச்சை அமைப்பு இருக்கிறது. கேரளத்தில் 1990-களில் கோழிக்கோட்டில் தொடங்கிய ஆதரவுச் சிகிச்சை இயக்கம், பின்னர் மலப்புரத்துத் தெருக்களில் தையற்காரரும் ஆசிரியரும் வாரம் இரண்டு மணி நேரம் வீடு வீடாகப் போகும் வலையமைப்பாக வளர்ந்தது. நாளை காலையே போங்கள், அடிமையாகிவிடுவார் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள்.

கேள்வி (மதுரை மாணவர் மீண்டும்): அம்மா, அறிக்கையும் பதிவு எண்ணும் வந்துவிட்டன. எங்களிடம் 38,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. காப்பீட்டிலேயே சிகிச்சை நடக்கும் என்கிறார்கள். பணத்தை என்ன செய்ய?

தொடாமல் வைத்திருங்கள். வருகை ஒன்றுக்கு இருவரின் போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு ஆகும் என்று அந்த அம்மாவிடம் கேட்டு, அதை மட்டும் ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே கொடுங்கள். காப்பீட்டில் வராத மாத்திரை தீர்ந்துபோனால் அதற்கும் இதிலிருந்து எடுக்கலாம். ஒரு நோட்டு வாங்கி, அடுத்த வருகைத் தேதி, அவர்கள் எண், பக்கத்துக் கடைக்காரர் எண் மூன்றையும் எழுதுங்கள். தேதிக்கு மூன்று நாள் முன்னால் உங்களில் ஒருவர் அழைக்க வேண்டும். நீங்கள் படிப்பை முடித்துப் போகும்போது சிகிச்சை முடிந்திருக்காது. அந்த நோட்டை அடுத்த வகுப்பு மாணவர் ஒருவரின் கையில், அந்த அம்மாவின் முன்னிலையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.