கமிலா ராணியானது எப்படி? அவருடைய ராணுவப் பதவிகள் நிஜமானவையா?

பிரிட்டனில் மன்னரின் மனைவி தானாகவே ராணியாகிவிடுவார். தனியாக யாரும் நியமிக்க வேண்டியதில்லை. ஆனால் ராணியின் கணவர் மன்னராவதில்லை. எலிசபெத் ராணியின் கணவர் பிலிப் கடைசிவரை இளவரசர்தான்.

கமிலா விஷயத்தில்தான் குழப்பம். 2005-ல் திருமணமானபோது, சார்லஸ் மன்னரானால் இவர் 'இளவரசி' என்றே அழைக்கப்படுவார் என்றார்கள். சார்லஸின் முதல் மனைவி டயானா மீது மக்களுக்கிருந்த பாசம் அப்படி! 2022 பிப்ரவரியில், கமிலா ராணி என்றே அழைக்கப்பட வேண்டும் என்று எலிசபெத் தன் விருப்பத்தைச் சொன்ன பிறகே அந்தப் பேச்சு அடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் ராணியானார், 2023 மே 6-ல் முடிசூட்டிக்கொண்டார். பிரிட்டனின் மிக உயர்ந்த கௌரவங்களில் ஒன்றான கார்ட்டர் விருது, அவர் ராணியாவதற்கு முன்பே வந்துவிட்டது.

சரி, ராணுவம்? கிரனேடியர் கார்ட்ஸ் படைப்பிரிவின் கர்னல் அவர். முன்பு அந்தப் பதவி சார்லஸின் தம்பி ஆண்ட்ரூவிடம் இருந்தது. ரைஃபிள்ஸ் பிரிவிலும் கௌரவத் தலைமை உண்டு. 2020-ல் பிலிப்பிடமிருந்து வந்தது. ஆனால் ஒரு சிப்பாய்க்குக்கூட அவர் போர் உத்தரவு போட முடியாது. அதெல்லாம் பணியிலிருக்கும் அதிகாரிகளின் வேலை. அணிவகுப்பைப் பார்வையிடுவது, பதக்கம் வழங்குவது, வீரர்களின் குடும்பங்களைச் சந்திப்பது, இவ்வளவுதான். ராயல் லான்சர்ஸ் என்ற படைப்பிரிவின் கௌரவப் பொறுப்பு மட்டும் கொஞ்சம் சொந்த விஷயம்: அதன் முன்னோடிப் படைகளில் ஒன்றில்தான் அவருடைய அப்பா இரண்டாம் உலகப்போரில் சண்டையிட்டார்.